நல்ல கையைக் கீழே வைப்பது எப்போது?



இம்முறை பாடப் பகுதியில் கொழுந்து நிறுவையும் இல்லை, சேமலாப நிதிப் படிவமும் இல்லை. காட்ஸ் கணக்குத்தான் இருக்கிறது. "நலன்புரி மடலில் சூதாட்டப் பாடமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பிள்ளைகளின் கைபேசியில் போக்கரும் ரம்மியும் ஓடிக்கொண்டிருக்கும்போது "ஆடாதே" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவதால் யாருக்கும் பிரயோசனம் கிடையாது. காசு எந்த இடத்தில், எப்படிப் போகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

கேள்வி மாங்குளத்திலிருந்து வந்தது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் ஒன்றில் பிறந்த தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பெரியம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். எமது மடலும் அவர் மூலமாகத்தான் மாங்குளம் போகிறது. தம்பி எழுதியது இவ்வளவுதான்: "அண்ணை, கையில ரெண்டு ஏஸ். அதைவிட நல்ல கை வராது எண்டு எல்லாரும் சொல்றாங்கள். அப்பிடியிருந்தும் தோத்துப்போனன். நான் கீழ வைச்சிருக்கோணுமா?"

நல்ல கேள்வி. உதவாத சீட்டு வந்தால் எவரும் பேசாமல் கீழே வைத்துவிடுவார்கள். அதில் பெரிய நட்டம் வராது. பெரிய காசு போவதெல்லாம் நல்ல சீட்டு வந்த ஆட்டத்தில்தான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த 304ஐ எடுத்துக்கொள்வோம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. முதல் நாலு சீட்டைப் பார்த்து ஒருவர் 200 கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அவர் பாடு முடிந்தது. மிச்சம் நாலு சீட்டு குப்பையாக வந்தாலும், எதிராளி துரும்பு முழுக்க வைத்திருந்தாலும், கேட்டது கேட்டதுதான். திரும்பிப் போக வழியில்லை. கோவில் திருவிழா இரவில் புளியங்கொட்டை வைத்து ஆடும்போது அதனால் பெரிய பாதகம் இல்லை. பார்ட்னரிடம் ஏச்சு வாங்குவதோடு போகும்.

போக்கர் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கைபேசியில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது, "ஃபோல்ட்" என்று. 304இல் பழகிய நமது ஆட்களுக்கு அந்தப் பொத்தானில் கை போவதே இல்லை. நல்ல சீட்டை வைத்துக்கொண்டு விலகுவது கோழைத்தனம் என்று ஒரு எண்ணம்!

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குத் தெரியாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று ஒன்றாக, பிறகு ஒன்று, பிறகு கடைசி ஒன்று எனத் திறப்பார்கள். ஒவ்வொரு முறை திறந்த பின்பும் காசு கட்டும் சுற்று உண்டு. கையிலிருக்கும் இரண்டும் நடுவிலிருக்கும் ஐந்தும் ஆக ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துப் பார்ப்பது. ஒரு சோடி, அதைவிட இரண்டு சோடி, அதைவிட ஒரே எண் மூன்று, அதைவிட ஐந்து எண் வரிசை, அதைவிட ஒரே சாதி ஐந்து. அதற்கு மேலும் உண்டு, இன்றைய பாடத்துக்கு இது போதும்.

தம்பியின் கையில் ஸ்பேட் ஏஸும் டைமன் ஏஸும். நடுவில் முதலில் வந்தவை ஆட்டீன் ராசா, ஆட்டீன் ஒன்பது, கிளாவர் நாலு. அடுத்து ஆட்டீன் ஆறு. கடைசியாக ஸ்பேட் இரண்டு. நடுக் குவியலில் அப்போது 12,000 ரூபாய் கிடந்தது. அதில் பாதி தம்பி போட்டது. மேசையில் மிச்சம் ஒரே ஒரு எதிராளி. அவன் அவ்வளவு நேரமும் பெரும்பாலான ஆட்டங்களில் விலகிக்கொண்டே இருந்தவன். இப்போது 6,000 கட்டினான். ஈடு கட்டுவதா, கவிழ்ப்பதா?

இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒருமுறைதான். சீட்டுப் போட்டவுடன் அதைவிடச் சிறந்த கை கிடையாது, உண்மை. கண்மூடித்தனமாக ஒருவரோடு மட்டும் கடைசி வரை மோதினால் 100க்கு 85 தடவை அது வெல்லும். ஆனால் ஐந்து பேரோடு மோதினால்? 100க்கு 49தான், பாதிகூட இல்லை. சீட்டு மாறவில்லை, எதிரில் இருக்கிற ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான். நடுச்சீட்டு திறக்கத் திறக்கவும் இதே கதை. இரண்டு ஏஸ் என்பது கடைசியில் வெறும் ஒரு சோடிதானே. நடுவில் மூன்று ஆட்டீன் கிடக்கிறது. எதிராளி கையில் இரண்டு ஆட்டீன் இருந்தால் ஏஸ் சோடி செத்தது. சீட்டுப் போட்டபோது பலமாக இருந்த கை முடிவிலும் பலமாக இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல்.

அடுத்தது விலை. எதிராளி 6,000 கட்டியதும் குவியல் 18,000. தம்பி 6,000 போட்டால் 24,000. அதாவது 24,000ஐ எடுக்க அவர் கொடுக்கிற விலை 6,000, நாலில் ஒரு பங்கு. எனவே நாலு தடவைக்கு ஒரு தடவையாவது வெல்கிற நிலைமை என்றால் ஈடு கட்டலாம், அதற்குக் குறைந்தால் கவிழ்க்க வேண்டும். எதிராளி 3,000 மட்டும் கட்டியிருந்தால் 18,000ஐ எடுக்க 3,000 கொடுப்பார், ஆறில் ஒன்று போதும். இதைப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்யும். ஆனால் நாம் விசாரித்த வரையில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. "அவனிட்ட என்ன இருக்கும்?" என்று மட்டும் யோசிக்கிறார்கள், "எனக்கு எத்தனைக்கு எத்தனை தேவை?" என்று யோசிப்பதில்லை.

சரி, அவனிடம் என்ன இருக்கும்? எண்ணிப் பார்க்கலாம். மொத்தம் 13 ஆட்டீனில் மூன்று நடுவில். மிச்சம் பத்து. பத்திலிருந்து இரண்டை எடுக்க 45 விதம் உண்டு (பத்தை ஒன்பதால் பெருக்கி இரண்டால் பிரித்தால் வரும்). எல்லாவற்றையும் வைத்து அவன் ஆடியிருக்க மாட்டான், இரண்டும் மூன்றுமாக வந்தால் ஆரம்பத்திலேயே கவிழ்த்திருப்பான். பாதி என்று கொள்வோம், 22. ஒரே எண் மூன்று சேர்கிற கைகள்: ராசா இரண்டு வைத்திருக்க 3 விதம், ஒன்பது இரண்டு 3 விதம், அப்படியே ஆறு, நாலு, இரண்டு. எல்லாம் 15. ஆக நம்மை வெல்கிற கை 37. இரண்டு சோடிக் கைகளைச் சேர்த்தால் இன்னும் கூடும், விட்டுவிடுவோம்.

நாம் வெல்கிற கைகள் எவை? ஏஸும் ராசாவும் 6 விதம், ராசாவும் ராணியும் 12, ராசாவும் ஜாக்கியும் 12. மொத்தம் 30. பார்த்தால் 37க்கு 30, நல்ல சமம் போலத் தெரியும். இங்கேதான் ஆளைப் பார்க்க வேண்டும். மூன்று ஆட்டீன் சிரித்துக்கொண்டு கிடக்கும் மேசையில், வெறும் ராசாச் சோடியை வைத்துக்கொண்டு 6,000 கட்டுகிறவன் யார்? பொறுமையாக விலகி விலகி ஆடிய ஒருவன் அப்படிக் கட்டுவது அபூர்வம். மூன்றில் ஒரு தடவை என்று தாராளமாகவே கொடுப்போம், 10. அப்படியானால் 47க்கு 10. நாலில் ஒன்றுக்குக் குறைவு, ஐந்தில் ஒன்று அளவு.

விடை கிடைத்துவிட்டது. 6,000 என்றால் கவிழ்க்க வேண்டும். இதே நிலைமை 47 தடவை வந்தால் 10 தடவை 18,000 வீதம் 1,80,000 வரும், 37 தடவை 6,000 வீதம் 2,22,000 போகும். ஒவ்வொரு தடவை ஈடு கட்டும்போதும் சராசரியாக 900 ரூபாயை மேசையில் விட்டுவிட்டு எழும்புகிற மாதிரி. அதே கை, அதே நடுச்சீட்டு, அதே ஆள், ஆனால் 3,000 மட்டும் கட்டியிருந்தால்? வருமதி 1,50,000, போவது 1,11,000. கட்டுவது சரி. "இரண்டு ஏஸைக் கீழே வைக்கலாமா?" என்ற கேள்விக்கு விலையைச் சொல்லாமல் விடை இல்லை என்பது இப்போது விளங்கும்.

எமது "பாதி", "மூன்றில் ஒன்று" எல்லாம் மதிப்பீடுதான், அளந்து எடுத்தது அல்ல. வெருட்டிக்கொண்டே திரிகிற ஒரு பெடியன் எதிரில் இருந்தால் மூன்றில் ஒன்று என்பது மூன்றில் இரண்டாகும், 57க்கு 20 வரும், அப்போது 6,000க்கும் ஈடு கட்டலாம். ஆகவே ஆளைக் கவனிக்காமல் சீட்டை மட்டும் பார்க்கிறவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆடுகிறார். கைபேசியில் ஆளின் முகமும் தெரியாது, எப்போதோ பார்த்த ஒரு புனைபெயர் மட்டும்தான் தெரியும். தீர்மானிக்கச் சில விநாடிகள்தான் தருவார்கள்.

தம்பியின் கடிதத்தில் கீழே இன்னொரு வரி இருந்தது. "ஏற்கனவே 6,000 போட்டிட்டன், விட்டிட்டு வர மனம் வரேல்லை." எமக்கு அந்த வரிதான் முழுக் கடிதத்திலும் முக்கியமாகப் பட்டது. குவியலுக்குள் போன காசு அவருடையது அல்ல. யார் போட்டது என்று குவியலுக்குத் தெரியாது. மாங்குளத்துக்காரருக்கு வயல் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். காலபோகம் விதைத்து, உரம் போட்டு, இரண்டு தரம் மருந்தும் அடித்தாச்சு. பிறகு குளத்துத் தண்ணீர் வற்றி பயிர் முக்காலும் கருகிவிட்டது. மூன்றாம் மருந்துக்கு இன்னும் பத்தாயிரம் வேண்டும். "இவ்வளவு போட்டுவிட்டோமே" என்று அடிப்பதா? இனி அடிக்கப் போகிற பத்தாயிரத்துக்கு எத்தனை மூடை வரும் என்பதுதான் கேள்வி. போட்ட உரம் கேள்விக்குள்ளேயே வராது. வயலில் இதை நமது சனம் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கைபேசித் திரையில் மட்டும் மறந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிராளி கையைத் திறந்தபோது ஆட்டீன் எட்டும் ஏழும் இருந்ததாம். "அப்ப நான் செய்தது பிழைதானே" என்கிறார் தம்பி. அவன் ராசாவும் ராணியும் காட்டியிருந்தாலும் ஈடு கட்டியது பிழைதான், 18,000 வந்திருந்தாலும் பிழைதான். ஐந்தில் ஒரு தடவை பிழையான முடிவுக்கும் காசு கிடைக்கும். அப்படிக் கிடைத்த காசுதான் அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுத்துக் கெடுக்கிறது.

நல்ல கையைக் கீழே வைப்பது எப்போதும் கெட்டித்தனம் என்றும் எண்ண வேண்டாம். 2003இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சாமி ஃபர்ஹா என்ற பழுத்த ஆட்டக்காரரும், கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரும் மோதினார்கள். மணிமேக்கர் இணையத்தில் ஆடிய ஒரு சிறிய போட்டியில் வென்று அங்கே இடம் பிடித்தவர். ஒரு ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் ஒன்பது சோடி, நடுச்சீட்டோடு சேர்ந்து வருகிற சோடிகளில் மேலான சோடி அதுதான். நடுவில் மூன்று ஸ்பேட். மணிமேக்கர் கையில் ராசாவும் ஏழும், சோடிகூடச் சேரவில்லை. ஆனால் தன்னிடமிருந்த காசு முழுவதையும் தள்ளிவிட்டார். ஃபர்ஹா நீண்ட நேரம் யோசித்து, கவிழ்த்துவிட்டார். வெருட்டு பலித்தது. மணிமேக்கர் கடைசியில் 25 இலட்சம் டொலர் பரிசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். உலகம் முழுக்கப் பல இலட்சம் பேர் இணையப் போக்கருக்கு வந்தது அந்தக் கதையைப் பார்த்துத்தான். ஃபர்ஹா மாதிரித் தோற்றவர்களைப் பார்த்து யாரும் வரவில்லை!

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை ரம்மி வடிவில் வந்தது. பதின்மூன்று சீட்டு ரம்மியில் எடுத்தவுடன் கவிழ்த்தால் 20 புள்ளி நட்டம், ஆட்டத்தின் நடுவில் கவிழ்த்தால் 40, கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை. பாருங்கள், விலகுவதற்கே விலை போட்டிருக்கிறார்கள். "20 போவதைவிட ஒரு சுற்றுப் பார்ப்போமே" என்று உட்காருகிறவர் 40க்கு வருகிறார், 40ஐக் கொடுக்க மனமில்லாமல் 80க்குப் போகிறார். பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைசெய்த பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. அதே மாதம் இலங்கைப் பாராளுமன்றம் வேறு பாதையில் போய், சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

"திறமை ஆட்டம்தானே, கணக்குப் படித்தால் வெல்லலாமே" என்று இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு யாராவது கிளம்பக்கூடும். அவர்களுக்காக இன்னொரு கணக்கு. கைபேசி மேசை இலவசம் அல்ல. ஒவ்வொரு குவியலிலும் மேசைக்கூலி எடுப்பார்கள், 100க்கு 5 என்பது வழக்கமான அளவு. ஆறு பேர் ஆளுக்கு 5,000 போட்டு உட்காருகிறார்கள் என்று வைப்போம், மொத்தம் 30,000. குவியல் சராசரியாக 1,000, மணித்தியாலத்துக்கு 60 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 50 வீதம் மணிக்கு 3,000 போகும். இதே வேகத்தில் ஓடினால் பத்து மணித்தியாலத்தில் ஆறு பேருடைய காசும் மேசைக்காரனிடம். ஆறு பேரும் சமமான கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இதுதான் முடிவு. இந்த ஆட்டத்தில் வெல்ல மற்றவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, மேசைக்கூலியைத் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

எதிரில் இருப்பது யார் என்பதும் நிச்சயமில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் "லிப்ராட்டஸ்" என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி நால்வரையும் தோற்கடித்தது. 2019இல் "புளூரிபஸ்" என்ற நிரல் ஆறு பேர் மேசையிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. இந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் சிறு நிரல்கள் மேசைகளில் மனிதர் பெயரில் உட்காருவது உண்டு. அவற்றுக்குத் தூக்கமும் இல்லை, "இவ்வளவு போட்டுவிட்டோமே" என்ற மனவருத்தமும் இல்லை. இதற்கு மேல், 2007இல் "அப்சலூட் போக்கர்" என்ற தளத்தில் ஒரு கணக்கிலிருந்து மற்ற எல்லோருடைய கவிழ்த்த சீட்டையும் பார்த்து ஆடியது வெளிவந்தது. நாம் எண்ணிய 47 விதக் கணக்கு அப்படிப்பட்டவனிடம் எடுபடாது.

தம்பி அந்த ஆட்டத்தில் விட்டது 12,000 ரூபாய். தோட்டத்தில் 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி பார்த்தால் ஒன்பது நாள் பேர். அரைப்பேர் போட்டு விட்டால் பதினெட்டு நாள். காசு எங்கேயிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறார். மிளகாய்த் தோட்டத்துக்கு வாட்டர் பம்ப் வாங்கச் சொல்லிப் பெரியம்மா தன் சேமலாப நிதியிலிருந்து அனுப்பிய காசு. அவர் சம்பளத்தில் மாதாமாதம் 100க்கு 8 பிடித்து, தோட்டம் 12 சேர்த்து, ஐம்பது வயது வரை காத்திருந்து எடுத்தது. பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது.

தம்பிக்கு எமது பதில்: பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். வவுனியாவில் பஸ் ஏறி நேரில் போய்ச் சொல்லுங்கள். மிச்சக் காசை வங்கியில் போட்டு, பம்ப் விலை பேசி, கடைக்காரருக்கு நேரடியாகக் கட்டுங்கள். கைபேசிக் கணக்கோடு இணைத்த வங்கி அட்டையை வங்கிக்குப் போய் நிறுத்துங்கள், ஆட்டத்தை அழிப்பது மட்டும் போதாது, இரண்டு நிமிடத்தில் திரும்ப இறக்கலாம். இரவில் நித்திரை வராமல் அதே கை கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

304 ஆடுகிறவர்களுக்கும் இந்த விலைக் கணக்கு உதவும், துரும்பு கேட்கும்போது யோசிக்கலாம். பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்க இரண்டு பயிற்சி தருகிறோம்.

ஒன்று: குவியலில் 4,000. எதிராளி 4,000 கட்டுகிறான். எத்தனைக்கு எத்தனை தடவை வென்றால் ஈடு கட்டலாம்?

இரண்டு: குவியலில் 9,000. எதிராளி 1,000 கட்டுகிறான். உங்கள் கை பத்தில் ஒரு தடவை வெல்லும். கட்டலாமா?

விடை: முதலாவதற்கு மூன்றில் ஒன்று. இரண்டாவதில் 11,000க்கு 1,000, பதினொன்றில் ஒன்று போதும், ஆகவே கட்டலாம். மேசைக்கூலி 100க்கு 5 எடுத்தால் 11,000 என்பது 10,450 ஆகும். அப்போதும் மயிரிழையில் சரிதான். 100க்கு 10 எடுக்கிற மேசை என்றால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.